எதிர்த்துப் பேசாத பிள்ளை

விழுப்புரம் பக்கம் காணை கிராமத்து அரங்கநாதனுக்குப் பெருமை பேச இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, அவருடைய கரும்பு. இன்னொன்று, மகன் பிரவீன்குமார் அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை என்பது. கரும்பாவது சில வருஷம் காலை வாரிவிடும். பையன் வாரியதில்லை. டீக்கடையில் யாராவது பிள்ளையைப் பற்றிப் புலம்பினால் போதும், மனிதர் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "எம்புள்ள வாயத் தொறக்க மாட்டான்" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த வாயை மூடியது யார் என்று மட்டும் சொல்லமாட்டார். பையனுக்குப் பத்து வயதிருக்கும். திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் குடும்பத்தோடு நின்றார்கள். அரங்கநாதன் ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தார். "அப்பா, இது பாண்டிச்சேரி பஸ்ஸு" என்றான் பையன். சொந்தக்காரர்கள் பார்க்கக் கன்னத்தில் ஒன்று விழுந்தது. பாண்டிச்சேரி போகிற வழியில் இருக்கும் வளவனூரில்தான் எல்லாரும் இறங்கினார்கள். தப்பு தன்னுடையது என்று அன்றைக்கும் அவர் சொல்லவில்லை, அப்புறமும் சொல்லவில்லை.

இப்படி வளர்ந்தவனுக்கு பைலட் ஆகும் ஆசை வந்தது. அதையும் அம்மா ராஜாமணியிடம் சொல்லித்தான் அப்பாவின் காதுக்குக் கொண்டுபோனான். அரங்கநாதன் யோசிக்காமல் சரி என்றார். பாசம் இல்லாதவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது.

இருநூறு மணி நேரம் பறந்து லைசென்ஸ் வாங்கிவிட்டான். ஆனால் லைசென்ஸ் கையில் இருந்தால் மட்டும் ஆகாது, கம்பெனி கூப்பிட வேண்டும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. எழுத்துப் பரீட்சை வைப்பார்கள், பேட்டி எடுப்பார்கள், கடைசியில் விமானம் போலவே ஆடும் சிமுலேட்டரில் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறினால்தான் தங்கள் விமானத்தை ஓட்டப் பழக்குவார்கள். ஒன்றரை வருஷம் காத்திருந்த பிறகு, சின்ன ஊர்களுக்கு எழுபது பேர் ஏறும் விமானம் விடுகிற கம்பெனி ஒன்று ஐதராபாத்துக்குக் கூப்பிட்டது.

மூன்றாம் நாள் பையன் திரும்பி வந்தான். முகத்தைப் பார்த்ததுமே ராஜாமணி அடுப்படிக்குப் போய்விட்டாள். அரங்கநாதன்தான் விடாமல் கேட்டார்.

"பக்கத்து சீட்ல சீனியர் கேப்டன் ஒருத்தர் உக்காந்தாருப்பா. பிளேன் அஞ்சாயிரம் அடி ஒசரத்துல நிக்கணும். அவரு வேணும்னே எறக்கிக்கினே போனாரு. நான் சொல்றனான்னு பாக்கறதுக்கு."

"நீ கவனிக்கலியா?"

"கவனிச்சேன்."

"அப்புறம் சொல்றதுக்கு இன்னாடா?"

"பெரியவருப்பா. முப்பது வருஷமா ஓட்டறவரு. அவருக்குத் தெரியாதான்னு இருந்துட்டேன்."

அன்றைக்குப் பையன் கன்னத்தில் விட்ட அறை, அந்த பஸ், எல்லாம் அரங்கநாதனுக்கு நினைவுக்கு வந்தது. வந்ததை ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அவமானம் வந்தால் அதைக் கோபமாக மாற்றிக்கொள்வது அவர் வழக்கம். "போதும்டா! இனிமே இந்த ஊட்ல ஏரோப்ளேன் பேச்சே எடுக்கக் கூடாது" என்று கத்தினார். பையன் தலையாட்டினான்.

அடுத்த மாதமே விழுப்புரத்தில் ஒரு பைக் ஷோரூமில் வேலைக்குச் சேர்ந்தான். அவன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு டவுன் பஸ் ஏறும்போதெல்லாம் அரங்கநாதன் பார்த்துக்கொண்டே நிற்பார். இன்னொரு தரம் முயற்சி பண்ணுடா என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். கத்தியவரே இறங்கி வருவதாவது! அவனே பேச்சை எடுக்கட்டும் என்று காத்திருந்தார். ஏழு மாதம் இப்படியே போனது.

மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, விற்கத் திண்டிவனம் போன அன்று, வியாபாரி ஜினேந்திரன் கடையில் அவர் மகள் சுப்ரியா இருந்தாள். பிரவீனோடு பைலட்டுக்குப் படித்தவள். அதே கம்பெனியில் தேறி, பயிற்சி முடித்து, இப்போது கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்து பறக்கிறாள். ஜினேந்திரன் எடை சொல்லச் சொல்ல, "அப்பா, தப்பா சொல்றீங்க, ஒரு மூட்டைய விட்டுட்டீங்க" என்றாள். இத்தனை பேர் முன்னால்! அரங்கநாதன் திடுக்கிட்டார். ஜினேந்திரனோ சிரித்துக்கொண்டே, "ஆமாம்மா" என்று திருத்திக்கொண்டார்.

"அங்கிள், பிரவீன் ஏன் வரல?" என்றாள் சுப்ரியா. "சிமுலேட்டர்ல ஃபெயில் ஆனவங்களுக்கு ஆறு மாசம் கழிச்சு இன்னொரு சான்ஸ் குடுத்தாங்களே. போன மாசம் லிஸ்ட்ல அவன் பேரை நானே பாத்தேன்."

"இனிமே கூப்புட மாட்டாங்களாம்மா?"

"வராம இருந்தவங்கள மறுபடி கூப்பிட மாட்டாங்க அங்கிள்."

அரங்கநாதன் சாக்குகளை அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினார். நேராக ஷோரூமுக்குப் போய் மகனை வெளியே கூப்பிட்டார்.

"போன மாசம் கூப்ட்டாங்களாமேடா?"

"ஆமாங்கப்பா."

"போவணும்னு ஆசை இல்லியா?"

"இருந்துச்சுப்பா."

"அப்புறம் ஏன்டா சொல்லல?"

"நீங்கதான அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னீங்க."

அரங்கநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. "தப்புடா" என்றார். "நான் பண்ணது தப்புடா பிரவீனு."

மகன் தலை குனிந்து நின்றான்.

"இல்லீங்கப்பா, எம்மேலதான் தப்பு" என்றான்.