அழியாத மையில் காஜா பெராங்

உருகிய சிவப்பு அரக்கின் வாசனை... கொஞ்சம் பிசின், கொஞ்சம் கருகல். மலாயா சுதந்திரமடைந்த மெர்டேக்காவுக்கு முந்தைய வருஷம், மலாக்காவின் காஜா பெராங்கில் எங்கள் வீட்டு அடுப்படியில் ஒரு வாரம் அந்த வாசனைதான். எனக்கு அப்போது பதினெட்டு. இத்தனை வயதான பிறகும் அந்த ஒரு பார்சலுக்காகக் கோபமா என்று நீங்கள் சிரிக்கலாம். வருகிறதே, என்ன செய்ய?

அக்கா கல்யாணமாகிக் கும்பகோணம் பக்கம் போயிருந்தாள். முதல் பிரசவம் நெருங்கியது. கப்பலேறிப் போக அம்மாவுக்கு வழியில்லை. பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணிதான் போடுவது எங்கள் வழக்கம். அது தன் துணியாக இருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. நைந்த நூல் புடவையைக் கிழித்து ஆறு குட்டிச் சட்டைகள் தைத்தார்.

வெள்ளிக்கிழமை கப்பல் தபால். அதைப் பிடித்தால் பிரசவத்துக்குள் போய்ச் சேரும். செவ்வாய்க்கிழமையே (செவ்வாய் என்றுதான் நினைக்கிறேன்) அவற்றை அம்மா காடாத்துணியில் வைத்துத் தைத்துத் தர, நான் முகவரி எழுதி, சைக்கிளில் தபால் நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

கவுண்டரில் இருந்தவர் நம்மவர்தான்.

"உள்ள என்னா இருக்குனு நான் பாக்க வேணாமா? படிச்ச புள்ளதானே நீ?"

பிளேடை எடுத்து அம்மாவின் தையலைச் சர்ரென்று கிழித்தார். பார்த்தார். "நாளைக்கு வா, டைம் ஆச்சு."

மறுநாள் திறந்தே கொண்டுபோனேன்.

"தொறந்த பார்சல எவன்யா வாங்குவான்? தச்சு, அரக்கு வச்சுக் கொண்டா. அட்ரஸ் பெருசா, அழியாத மையில... ஒரு பக்கம் வாங்குறவங்களது, மறுபக்கம் அனுப்புறவங்களது."

ஊசியும் நூலும் என் சட்டைப்பையில் இருந்தன. இங்கேயே தைத்துவிடுகிறேன் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. இன்றைக்கும் என்னை உறுத்துவது அதுதான்.

வீட்டில் அம்மா மறுபடி தைத்தார். வேலியோரம் நின்ற பக்கத்துக் கம்போங் செட்டி அம்மாள் (மலாய் பேசும் பழைய தமிழ்க் குடும்பம்), "ஜாஹிட் லாகி?" என்று சிரித்தார். இன்னும் தையலா என்று. நான் இரண்டு முகவரிகளையும் அழியாத மையில் எழுதி, அரக்கை உருக்கி, முத்திரைக்கு இருபது காசு நாணயத்தை அழுத்தினேன். அழகாகத்தான் விழுந்தது.

வியாழன்.

"காச வச்சுக் குத்தியிருக்கியே தம்பி! ராணி தல எல்லார் பாக்கெட்லயும்தான் இருக்கு. நடுவுல எவனாச்சும் பிரிச்சுட்டு மறுபடி குத்தினா? உன்கிட்ட மட்டும் இருக்கிற அடையாளம் வேணும்லா."

நியாயம்தான். ஆனால் அதைச் செவ்வாயன்றே சொல்லியிருக்கலாம் அல்லவா?

அன்றிரவு அரக்கைச் சுரண்டி, அம்மாவின் குங்குமச் சிமிழ் மூடியில் இருந்த தாமரையைப் பதித்தோம். வெள்ளி காலை கதவு திறக்கும் முன்பே போய் நின்றேன்.

"கப்பல் மூட்டைய நேத்து சாயங்காலமே கட்டியாச்சே. இனி அடுத்த கப்பல்தான்."

நேற்று நான் அவர் முன்னால்தான் நின்றேன்! "சரி சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன்...

அடுத்த கப்பல், சுங்கம் எல்லாம் தாண்டிப் பார்சல் போய்ச் சேர்ந்தபோது பையனுக்கு நாலு மாதம். சட்டைகள் அவன் கையில் நுழையவில்லை என்று அக்கா எழுதியிருந்தாள். கூடவே ஒரு போட்டோ. சுற்றியிருந்த காடாத்துணியைப் பிரித்து அவனுக்கு ஒரு சட்டை தைத்திருந்தாள். எத்தனை துவைத்தும் மை போகவில்லையாம். ஸ்டூடியோக்காரருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முதுகில் என் கையெழுத்தில், அம்மா பெயர், காஜா பெராங், மலாக்கா.

போன வாரம், நாங்கள் இப்போது இருக்கும் செங் பகுதியிலிருந்து பேத்தி லண்டனுக்கு ஒரு பார்சல் அனுப்பினாள். வாசலுக்கே ஆள் வந்து ஸ்டிக்கர் ஒட்டி எடுத்துப்போனான். இரண்டு நிமிஷம். யாரும் பிரிக்கச் சொல்லவில்லை. இப்போது எந்த ஊரில் இருக்கிறது என்று போனிலேயே காட்டுகிறாள். நல்லதுதான். நான் பொறாமைப்படவில்லை... கொஞ்சம் படுகிறேன்.

அம்மா கடைசிவரை அந்தப் பேரனை நேரில் பார்க்கவில்லை. ஆனால் போட்டோ வந்த அன்று, என் கோபத்தைக் கண்டு சிரித்தபடியே சொன்னார்:

"வுடுப்பா. புள்ள எங்கயாச்சும் தொலைஞ்சா, நேரா நம்ம வூட்டுக்குத்தான் கொண்டாந்து வுடுவாங்க."