பள்ளத்தில் புதைத்த கல்

வேதாச்சலம் வேலிக்காரன் ஆனதற்குக் காரணம், வேலி போட அவனுக்கென்று நிலம் இல்லாமல் போனதுதான். நிலமற்றவர்களுக்கென்று சர்க்கார் கொடுத்த இரண்டு ஏக்கர் டி.கே.டி. பட்டா அவன் அப்பா பெயரில் இருந்தது. அதை விற்கக் கூடாது என்பது சட்டம். தொண்ணூறுகளில் மழை தொடர்ந்து பொய்த்தபோது, அவர் சட்டத்தை மதித்து, விற்காமல், வெள்ளைத்தாளில் கைநாட்டு மட்டும் வைத்துச் சித்தூர் மாங்காய் வியாபாரி கோவர்த்தனனிடம் நிலத்தைக் கொடுத்துவிட்டார். மகன் பெங்களூருக்குப் பஸ் ஏறினான். அந்த ஊர் நாலு பக்கமும் வீங்கிக்கொண்டிருந்த காலம் அது. மனை வாங்கியவர்கள் எல்லாரும் முதலில் தேடியது வேலிக்காரனை. பத்து வருஷம் பிறத்தியார் நிலத்தை வளைத்துக் கொடுத்துவிட்டு, ஆந்திர எல்லையோரத்துச் சொந்தக் கிராமத்துக்கு அவன் வெறுங்கையோடு திரும்பினான். தொழில் மட்டும் கூட வந்தது.

சமதரையில் யாரும் கம்பி இழுக்கலாம். மேடுபள்ளத்தில்தான் ஆள் தெரியும். முறுக்க முறுக்கக் கம்பி நேராகத்தான் பார்க்கும். நேராவதற்காகப் பள்ளத்தில் நிற்கும் கல்தூணையே மண்ணிலிருந்து பிடுங்கித் தூக்கிவிடும். ஆறு மாதத்தில் தூண் ஊசலாடும், அடியில் பன்றி புகுந்து போகும். வேதாச்சலம் அந்த இடத்தில் இடுப்பளவு குழி வெட்டி, பெரிய கல்லொன்றைப் புதைத்து, வேலியை அதோடு இழுத்துக் கட்டிவிடுவான். கல் வெளியே தெரியாது.

அப்பா போன பிறகு, சென்னைக்காரர்கள் கார் போட்டுக்கொண்டு நிலம் பார்க்க வந்தார்கள். வெள்ளைத்தாள் செல்லாது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. பட்டாவைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி வேதாச்சலம் அர்ஜி கொடுத்தான். நிலம் இத்தனை வருஷமும் தரிசாகவே கிடந்தது. அவன் மனைவி தாட்சாயணியின் ஆடுகள்தான் மேய்ந்துகொண்டிருந்தன. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஆர்.ஐ. நேரில் வந்து, நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டியதுதான் பாக்கி.

அந்தச் சமயம் பார்த்து கோவர்த்தனன் வீடு தேடி வந்தார்.

"அந்த ரெண்டு ஏக்கருக்கு வேலி போடணும்பா. அந்த மேடுபள்ளத்துல உன்ன வுட்டா யாரு இழுப்பான்?"

அவர் போன பிறகு தாட்சாயணி கேட்டாள்: "அர்ஜி குடுத்தவனே வேலியும் போடறதா?"

"சும்மாரு. நிலம் நம்ம கைக்கு வந்தா வேலிய இன்னா சுருட்டிக்கினா போவாரு? அவர் செலவுல நம்ம நிலத்துக்கு வேலி. கூலி வேற."

"ஆடு எங்க மேயும்?"

"ரெண்டு மாசம் ரோட்டோரம் மேயட்டும்."

"உனுக்கு மூளை இருக்குதுன்னு எனுக்குத் தெரியும். அது யாருக்கு வேலை செய்யுதுன்னுதான் தெரியல."

டிராக்டரில் வந்து இறங்கிய தூண்கள் ஏதோ திராட்சைத் தோட்டத்தில் பிடுங்கியவை, பாசி படிந்து கறுத்தவை. கம்பியும் துரு.

"புதுசு வாங்கலியாண்ணா?"

"காட்டு நிலத்துக்கு இது போதும்பா."

கஞ்சன் என்று வேதாச்சலம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். துருவேறிய இடங்களை வெட்டியெறிந்து முடிச்சுப் போட்டான். குழிக்குழியாகத் தண்ணீர் ஊற்றி மண்ணைக் கெட்டித்தான். ஒரு கல் போதும் என்ற பள்ளத்தில் மூன்று புதைத்தான். ஊராருக்கெல்லாம் நாணயமாகத்தான் செய்திருந்தான். இதைத் தனக்காகச் செய்தான்.

ஆர்.ஐ. வருவதற்குள் மழை வந்துபோய்விட்டது. தூண்களில் கோவைக்கொடி ஏறியிருந்தது.

"இது எப்ப போட்ட வேலி?"

"பத்து வருஷம் ஆவுது சார்," என்றார் கோவர்த்தனன்.

"பொய் சார். நாலு மாசந்தான். நானே போட்டேன்."

ஆர்.ஐ. பள்ளத்தில் இறங்கித் தூணைப் பிடித்து ஆட்டினார். பிறகு இரண்டு கையாலும் ஆட்டினார். அது அசையவில்லை.

"ஏமய்யா, நாலு மாசத் தூணு இப்படியா நிக்கும்? புதுசா நட்டா பள்ளத்துத் தூணு முதல் மழைக்கே எழும்பிக்கும். மண்ணு எறுக வருஷக்கணக்காவும். நான் பாக்காத வேலியா?"

"கீழ கல்லு பொதைச்சிருக்கேன் சார். தோண்டிக் காட்டறேன்."

"பூமிக்குள்ள கல்லு இருந்தா, அது நீ வச்சதா பிரம்மா வச்சதான்னு நான் எப்படி எழுதறது?" பேனாவைத் திறந்தார். "சரி, நீயே போட்டன்னு வச்சிக்குவோம். யார் சொல்லிப் போட்ட?"

வேதாச்சலம் கோவர்த்தனனைப் பார்த்தான்.

"கூலி யாரு குடுத்தது?"

அதற்கும் அங்கேயேதான் பார்க்க வேண்டியிருந்தது.

"அப்ப நிலம் யாருதுன்னு நீயே ஒத்துக்கினல்ல?"

கோவர்த்தனன் பழைய தூண் ஒன்றில் சாய்ந்து நின்றார். பத்து வருஷ அனுபவம் என்று ஆர்.ஐ. எழுதிக்கொண்டார். அர்ஜி தள்ளுபடியாயிற்று.

கோவர்த்தனன் நன்றி மறக்கிறவர் இல்லை. நாயுடுபேட்டையில் மனை பிரிக்கிற ஒருவரிடம், "ஆர்.ஐ.யே ஆட்டிப் பாத்தாரு, அசையல" என்று சொல்லி அவனுக்குப் பெரிய வேலை பிடித்துக் கொடுத்தார். வேதாச்சலம் போனான். போகாமல் என்ன செய்வது?

ஊருக்கு வந்த ஒரு மதியம், தாட்சாயணி வேலியோரம் ஆடுகளோடு நின்றிருந்தாள். எந்த வேலியிலும் ஒரு சந்து கண்டுபிடித்துவிடுகிற ஆடுகள். பள்ளத்தில் இறங்கி, கம்பிக்கு அடியில் மூக்கை வைத்து, தூண் தூணாக நகர்ந்துகொண்டிருந்தன.

"எங்கனா கொஞ்சம் கோணலா வுட்டிருக்கலாம்ல," என்றாள்.

அவன் குனிந்து கீழ்க்கம்பியை விரலால் சுண்டினான். விண்ணென்றது. தளரவே இல்லை. அவள் ஆடுகளை ரோட்டுப் பக்கம் திருப்பினாள்.