வாழைமரம் பிடித்த வேணி

பாலக்கரை வேணிக்கு ஏ.சி. என்றதும் குளிர் ஞாபகம் வராது, தண்ணீர்தான் வரும். "குளிர யார் வேணாலும் வைப்பாங்க. அதுல ஊறுற தண்ணிய ஒழுங்கா வெளிய அனுப்பணும்ல, அதுதாங்க வேலை" என்பாள். வருஷக்கணக்காக அடுத்தவர் கடையில் உழைத்தவள், போன மாதம்தான் தன் பெயரில் போர்டு மாட்டினாள். கிடைத்த முதல் பெரிய வேலை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு ஏ.சி. மாட்டுவது.

மேனேஜர் ரெங்கராஜ் கறார் பேர்வழி. "முதல் முகூர்த்தத்துல ஒரு சொட்டு விழுந்தாலும் எங்க மத்த ரெண்டு மண்டபத்தையும் மறந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். வேணிக்கோ அந்த இரண்டும் வேண்டும். தூக்கத்தில்கூட அதே நினைப்பு.

முகூர்த்தத்தன்று காலையில் எட்டிப் பார்க்க வந்தவள் முதலில் அண்ணாந்துதான் பார்த்தாள். மணமேடைக்கு மேலே ஏ.சி.யின் விளிம்பில் தண்ணீர் திரண்டு நின்றது. நேற்று ட்யூபில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்தாளே, கடகடவென்று வெளியே ஓடியதே! கீழே புரோகிதர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே போய் ஏணி போட முடியுமா?

வெளியே ஓடினாள். தண்ணீர் ட்யூப் இறங்கும் வாசல் பக்கம் வந்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பந்தல்காரர்கள் வாழைமரத்தை ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தார்கள். கூடவே அவளுடைய ட்யூபையும் சேர்த்து இறுக்கியிருந்தார்கள், புண்ணியவான்கள்! ட்யூப் நசுங்கிக் கிடந்தது.

கயிற்றை அறுத்தால் மரம் சாயும். தாலி கட்டும் நேரத்தில் வாசல் வாழை விழுந்தால் இரண்டு வீட்டாரும் அவளைச் சும்மா விடுவார்களா? கூப்பிடவும் ஆளில்லை. எல்லோரும் கையில் அட்சதையோடு உள்ளே நின்றார்கள்.

வேணி மரத்துக்குத் தோள் கொடுத்தாள். கட்டிங் பிளேயரால் கயிற்றை நறுக்கினாள். குலையோடு மொத்த பாரமும் அவள் மேல் சாய்ந்தது. அதே நொடியில் அடைபட்டிருந்த தண்ணீர் ஜில்லென்று காலில் கொட்டியது.

"போ! போ! நல்லா போ!" என்று சந்தோஷம் தாங்காமல் கத்தினாள். உள்ளே கெட்டிமேளம் முழங்கியது.

மேளம் ஓய்ந்ததும் ரெங்கராஜ் வெளியே வந்தார். வாழைமரத்தைக் கட்டிக்கொண்டு கால் நனைய நிற்பவளைக் கண்டு திகைத்தார். "என்னம்மா பண்றீங்க?"

"தாலி கட்டியாச்சா சார்? சொட்டு ஏதும் விழுந்துச்சா?"

அவர் அவள் காலடித் தண்ணீரைப் பார்த்தார், அறுந்த கயிற்றைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மரத்துக்கு மறுபக்கம் தோள் கொடுத்தார்.

"விழல. மத்த ரெண்டு மண்டபத்துலயும் வாழைமரம் எங்க கட்டுவாங்கன்னு முதல்ல பாத்துட்டு, அப்புறமா ட்யூப் போடுங்க."