கோழியில் முட்டிய கூம்பு

கண்டியில் தரம் பத்துப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். கூம்பின் சாயுயரத்தை, அதாவது சரிவின் நீளத்தை, உயரமென்று எழுதும் பிள்ளையைக் கண்டால் எனக்குப் பொறுமையே இருக்காது. சிவப்புக் கோடுதான்.

போன மாதம் அக்குறணையில் தங்கச்சியின் கல்யாணம். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் சஹன் தட்டுகளுக்குத் தங்க நிற அட்டையில் கூம்பு மூடி செய்ய நானே முன்வந்தேன். பதினைந்து அங்குல உயரம் வேண்டுமென்று, பதினைந்து அங்குல ஆரையில் வட்டம் வெட்டி, ஐந்தில் ஒரு பங்கை நீக்கிச் சுருட்டினேன். வெறும் தட்டில் அச்சாகப் பொருந்தியது.

கல்யாணத்தன்று சோற்றின் மேல் முழுக்கோழியை நிறுத்தி மூடினோம். மூடி தட்டில் உட்காராமல் கோழியின் மேல் தொப்பிபோல் ஆடியது.

"என்ன மகள் இது? அளந்துதானே வெட்டினீங்க?" என்றார் உம்மா.

"அளந்துதான் உம்மா..."

மூடியின் சரிவில் விரலை ஓடவிட்டேன். உச்சியிலிருந்து விளிம்புவரை சரியாகப் பதினைந்து. நான் அளந்தது கைக்கு எட்டிய சரிவை. உயரமோ உள்ளே, வெறும் காற்றில் இருந்தது. அது ஒன்பதே அங்குலம்.

வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் வேன் ஹோர்ன் அடித்தது. சாரி முந்தானையைச் செருகிக்கொண்டு, கோழிகளை ஒவ்வொன்றாகச் சரித்துச் சோற்றுக்குள் அமுக்கினேன். உம்மா பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தார்.

நேற்று ஒரு பிள்ளை அதே பிழையை எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையை எடுத்தேன். விரலில் கோழி மசாலா மணந்ததுபோல் இருந்தது.

பேனையை வைத்துவிட்டு, "கொஞ்சம் கிட்ட வாங்க மகள்" என்றேன்.