எட்டு நகங்களும் ஒரு கோப்பையும்

சீட்டுப் போடுகிறவளுக்கு முகம் இருக்கக் கூடாது, வாய் இருக்கவே கூடாது. தப்பு நடந்தால் மட்டும் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் இருந்தாக வேண்டும்.

பில் கவுன்டரில் உட்காருகிறவர்கள், டோல்கேட்டில் கை நீட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவர்கள், கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள், உங்களுக்கெல்லாம் இது விளக்காமலே புரியும். நான் போக்கர் மேசையில் டீலர். ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுத்து, நடுவில் ஐந்தைத் திறந்து வைத்து, யார் கை பெரிது என்று பார்த்துச் சொல்வது என் வேலை. சொந்த ஊர் காட்பாடி. கோவாவில் சூதாட்டக் கப்பலில் சில வருஷம் சீட்டுப் போட்டேன். அம்மா சர்ச்சில் கேட்பவர்களிடம் ‘எஸ்தர் ஹோட்டல் லைன்ல இருக்கா’ என்று சொல்லி வைத்திருக்கிறாள். இப்போது பெங்களூர் கம்பெனி ஒன்று போட்டி நடத்தும் இடங்களுக்குக் கூப்பிட்டால் போகிறேன்.

அப்படித்தான் ஏலகிரிக்குப் போனேன். தோல் வியாபாரிகள் சங்கம் ஒன்று ஒரு ரிசார்ட்டை மொத்தமாக எடுத்துப் போட்டி நடத்தியது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தொடங்கிக் கான்பூர் வரை ஆள் வந்திருந்தது. காசு வைத்து ஆடச் சட்டம் விடாது, அதனால் கோப்பை மட்டும்தான். காசு இல்லாவிட்டால் ஆட்டம் சாதுவாக இருக்கும் என்று நினைப்பீர்கள். காசுக்குப் பதில் மானத்தை வைத்து ஆடினார்கள், அது இன்னும் மோசம். இரண்டு நாள் வடிகட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பேர் கடைசி மேசைக்கு வந்தார்கள். எட்டுப் பேர் தோல்காரர்கள். ஒருவர் மட்டும் வேலூரில் கிளினிக் வைத்திருக்கும் கண் டாக்டர்.

போட்டியை நடத்தியவர் ரோஹித், பெங்களூர் கம்பெனியின் மேனேஜர். கடைசி மேசை ஒரு புகார்கூட இல்லாமல் முடிந்தால் என்னை ஃப்ளோர் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார். ஃப்ளோர் என்றால் மேசைகளுக்கு நடுவே நின்றுகொண்டு தகராறுகளுக்குத் தீர்ப்புச் சொல்கிறவர். உட்கார்ந்து சீட்டுப் போட வேண்டாம், யாருடைய துரதிர்ஷ்டத்துக்கும் திட்டு வாங்க வேண்டாம். என் மணிக்கட்டு அப்போதே தண்ணீர்க் குடத்தைத் தூக்க மறுத்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்த வேலை வேண்டும், ரொம்பவே வேண்டும். அதனால் அன்று காலை நாக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவள் மாதிரி உட்கார்ந்தேன்.

கூலிங்கிளாஸ்

முதல் இருக்கையில் ஒரு ஷூ கம்பெனி முதலாளியின் மகன், நித்தின். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். கண்ணைப் பார்த்து எதிராளி மனசைப் படித்துவிடுவான் என்று, ஹாலுக்குள்ளேயே கறுப்புக் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டிருந்தார். ஏலகிரி மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கிற நாள் அது. வெறும் கண்ணுக்கே வெளிச்சம் போதவில்லை.

பெரிய ஆட்டம் ஒன்று வந்தது. முன்னாலிருந்த பந்தயச் சில்லுகள் எல்லாவற்றையும் நடுவில் தள்ளிவிட்டு, எழுந்து நின்று, அஞ்சும் ஒரே ஜாதி என்று தன் சீட்டைத் திறந்தார். நடுவில் இருந்தது மூன்று டைமண்ட். அவர் கையில் இருந்தது இரண்டு ஆர்ட்டின். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் ஒன்றுதான் போலிருக்கிறது. நல்லவேளை, எதிராளியிடமும் ஒன்றுமில்லாததால் பாதியாவது திரும்பி வந்தது. கண்ணாடியைக் கழற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார்.

“லைட்டு கம்மியா கீது, மொதல்ல அத பாருங்க மேடம்.”

பார்ட்டி

நான்காவது இருக்கையில் தேவராஜ். தோல் பதனிடும் ஷாப்புகளுக்கு கெமிக்கல் சப்ளை செய்கிறவர். எதிரே எட்டாவது இருக்கையில் சங்கத் தலைவர் முனிரத்தினம். ராணிப்பேட்டைப் பக்கம் அவருக்குப் பெரிய ஷாப், தேவராஜின் கெமிக்கலில் பாதி அங்கேதான் போகிறது. முனிரத்தினம் ஒரு சில்லை நகர்த்தினால் போதும், தேவராஜ் சீட்டைக் கீழே போட்டுவிடுவார். காலை முழுக்க இதே கூத்து. மற்றவர்களிடம் புலி மாதிரி ஆடுவார், முனிரத்தினம் வந்தால் வணக்கம் வைக்காத குறை.

ஒரு தடவை அவர் போட்ட சீட்டு என் பக்கம் புரண்டு திறந்துகொண்டது. இரண்டும் ராஜா. நடுவிலும் இரண்டு ராஜா. நாலு ராஜாவை வைத்துக்கொண்டு ஒருத்தர் தோற்றதை நான் கப்பலில்கூடப் பார்த்ததில்லை. முனிரத்தினம் ஒரு ஜோடி மூன்றைக் காட்டி, சில்லுகளை வாரிக்கொண்டு, தன் ஆட்டத்தைத் தானே மெச்சிக்கொண்டார். டீ நேரத்தில் தேவராஜ் பக்கத்தில் வந்து நின்றபோது என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அவரே விளக்கம் சொன்னார்.

“அவுரு பார்ட்டிம்மா. பார்ட்டிய ஜெயிச்சிட்டா நாளைக்கு யார்கிட்ட போய் சரக்கு விக்கிறது?”

மூளை

இந்த முனிரத்தினம் இருக்கிறாரே, அவருக்கு நல்ல சீட்டு வந்தால் அது அவர் திறமை, மோசமான சீட்டு வந்தால் அது என் கை. காலையில் நாலைந்து ஆட்டம் சரியாக வராதபோது, என் கையே ராசியில்லை, ஆளை மாற்றுங்கள் என்று ரோஹித்திடம் சொல்லிவிட்டார். ரோஹித் என்னை எழுப்பி ஒரு பையனை உட்கார வைத்தார். அவன் போட்டதும் வரவில்லை. திரும்ப என்னைக் கூப்பிட்டார்கள். முதல் ஆட்டத்திலேயே அவருக்கு ஒரு ஜோடி ஆஸ் விழுந்தது. அதை ஆடி ஜெயிக்க மூளை வேண்டாம், கண் இருந்தால் போதும். மன்னிப்போ நன்றியோ நான் எதிர்பார்க்கவில்லை. நீங்களும் உங்கள் கவுன்டரில் எதிர்பார்க்க மாட்டீர்கள்.

“பாத்தியாம்மா, சீட்டுல இன்னா கீது? எல்லாம் இங்க கீது,” என்று நெற்றியைத் தட்டிக் காட்டினார்.

பிறை மாதிரி ஒரு கோடு

மத்தியானச் சாப்பாடு முடிந்தும் ஒன்பது பேரும் அப்படியே இருந்தார்கள். திறமையால் அல்ல, யாருக்கும் முதலில் வெளியே போக விருப்பமில்லை. அப்போதுதான் கண் டாக்டர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். முதுகில் மெல்லிய கோடு, நகத்தால் இழுத்த பிறை மாதிரி. இன்னொன்றிலும் இருந்தது. ரோஹித் வந்து கட்டு முழுவதையும் பரப்பிப் பார்த்தார். கோடு இல்லாத சீட்டைத் தேட வேண்டியிருந்தது.

சீட்டில் அடையாளம் என்றால் எங்கள் தொழிலில் கொலைக்குற்றம் மாதிரி. கட்டை மாற்றினோம். புதுக்கட்டும் கொஞ்ச நேரத்தில் அப்படியே ஆகிவிட்டது. இப்போது எல்லார் பார்வையும் என் பக்கம் வந்தது. என் கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். வேலைக்காக ஒட்ட வெட்டிய என் நகங்களை முனிரத்தினம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். பத்து விரலையும் மேசை மேல் நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. ஃப்ளோர் வேலை கண் முன்னாலேயே மலையிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நகத்தில் ஒன்றும் கிடைக்காவிட்டாலும் அவர் விடுவதாக இல்லை.

“எங்க ஆளுங்கல்லாம் மரியாதப்பட்டவங்க சார். மொத்தக் கட்டும் யார் கைல போய் வருது, அத பாருங்க.”

மூன்றாவது கட்டு

பார்க்கச் சொன்னார் அல்லவா, நான் பார்த்தேன். சீட்டைத் தொடாமல் சும்மா உட்கார்ந்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அது என் கண்ணில் பட்டது. ஆட்டம் நின்றதால் ஹால் சோபாவுக்குப் போன நித்தின், அதன் கைப்பிடியில் கட்டைவிரல் நகத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டிருந்தார். தேவராஜ் மெனு கார்டின் உறையில் அதையே செய்தார். நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம்தான், ஆனாலும் எனக்கு அதுவரை உறைக்கவில்லை. தோல் தொழிலில் ஒரு துண்டு கைக்கு வந்தால் முதலில் மடிப்பார்கள், அப்புறம் நகத்தால் ஒரு கீறல் கீறுவார்கள், மேலே பூசியது உரிகிறதா என்று பார்க்க. வருஷக்கணக்காகச் செய்து செய்து, கை அதைத் தானாகவே செய்கிறது.

ரோஹித்தைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவரே மூன்றாவது கட்டை உடைத்து, அவரே ஆளுக்கு இரண்டு சீட்டுப் போட்டார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். எட்டுப் பேரும் எடுத்தார்கள், லேசாக வளைத்தார்கள், கீறினார்கள். தேவராஜ் மோந்துகூடப் பார்த்தார். டாக்டர் மட்டும் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்தார். ரோஹித் சீட்டுகளைத் திருப்பி வரிசையாக வைத்தார். டாக்டர் முன்னால் இருந்த இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் கோடு. ஆம்பூர் இக்பால் பாய் மட்டும், வயதில் மூத்தவர், தன் கட்டைவிரலையே பார்த்துச் சிரித்துவிட்டார்.

“இன்னா பேஜார் இது. எம்மா, நீ போய் ஒக்காரு, தப்பு எங்க கைல கீது.”

ஃப்ளோர்

அவர் ஒருவர்தான் அப்படிச் சொன்னார். டாக்டர் சுவரில் ஒட்டியிருந்த விதியைப் போய்ப் படித்தார். தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும், சீட்டில் அடையாளம் போட்டவர் ஆட்டத்திலிருந்து நீக்கப்படுவார். அதை எழுதச் சொன்னவர் முனிரத்தினமேதான். கான்பூர்க்காரர்களை நம்ப முடியாது, ‘தெரியாம பண்ணிட்டேன்’ என்று எவனும் கதை சொல்லக் கூடாது என்று முதல் நாள் மேடையேறிப் பேசியிருந்தார். விதிப்படி போனால் எட்டுப் பேரும் வெளியே, கோப்பை டாக்டருக்கு. ஆனால் ரிசார்ட்டுக்கும் கம்பெனிக்கும் பணம் கொடுப்பது அந்த எட்டுப் பேர்.

ரோஹித் என்னைக் காபி மிஷின் பக்கம் அழைத்துப் போனார். நான் கேட்டுக்கொண்டிருந்த ஃப்ளோர் பதவியை அந்த நிமிஷமே கொடுப்பதாகவும், தீர்ப்பை நானே போய்ச் சொல்லலாம் என்றும் சொன்னார். சீட்டு மட்டம், ஆட்டம் தொடரட்டும் என்று சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார். டாக்டர் சண்டைக்கு வந்தாலும், தலைவர் முறைத்தாலும், திட்டு எனக்குத்தான் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் புத்திசாலித்தனமாக நடந்துகொள்ளும் நிலையில் நான் இல்லை. என் பத்து விரலையும் நீட்டி வைத்த அதே மேசை கண்ணில் பட்டது. போய் நின்றேன். இருக்கை எண்ணைச் சொல்லி, ஒவ்வொருவரையும் எழுந்திருக்கச் சொன்னேன். கடைசியாக எட்டாம் எண்ணைச் சொன்னேன், கொஞ்சம் மெதுவாகவே சொன்னேன்.

முனிரத்தினம் எழுந்திருக்கவில்லை. சங்கத்தின் சின்னம் போட்டு ஸ்பெஷலாக அச்சடித்த சீட்டு அது. ஆர்டர் கொடுத்தவரும் அவர்தான். ஒன்றைக் கையில் எடுத்து, எல்லாரும் பார்க்கத் திரும்பவும் நகத்தை இழுத்தார்.

“நகம் வெச்ச ஒடனே வார்னிஷ் பூடுது பாரு. இந்த லாட்டே ரிஜெக்ட்டும்மா, ஆட்டம் எப்டி செல்லும்?”

மலையிறக்கம்

அவர் வாதம்தான் செல்லவில்லை. இக்பால் பாய் நாற்காலியைத் தள்ளிவிட்டு முதலில் வெளியே போனார், அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் போனார்கள். தேவராஜ் மட்டும் முனிரத்தினம் எழுந்திருக்கும்வரை காத்திருந்து எழுந்தார். டாக்டர் கோப்பையை வாங்கி, காலி நாற்காலிகளுக்கு முன்னால் தனியாக போட்டோ எடுத்துக்கொண்டார். எனக்கு ஒரு நன்றி சொல்லுவார் என்று நினைத்தேன். கோப்பையின் அடியைத் திருப்பி, முழுக்க வெள்ளிதானா, முலாமா என்று என்னிடம் விசாரித்தார்.

வேனில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது ரோஹித் முன் சீட்டிலிருந்து திரும்பாமலே பேசினார். அடுத்த வருஷம் சங்கம் எங்களைக் கூப்பிடப் போவதில்லையாம். கம்பெனியும் இனி என்னைக் கூப்பிடப் போவதில்லையாம், ஃப்ளோருக்கும் இல்லை, சீட்டுப் போடவும் இல்லை. நான் சொன்ன தீர்ப்பு தப்பா என்று கேட்டேன். அதற்கு மட்டும் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

“தீர்ப்பு கரெக்ட் எஸ்தர். அத நீங்க சொல்லுவீங்கன்னு நான் நினைக்கல, அதான் பிராப்ளம்.”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஹோட்டல் லைன் முடிந்தது என்று சொல்லிவிட்டேன், ஆனால் கடைசி மேசையில் எட்டு முதலாளிகளை ஒருத்தர் விடாமல் எழுந்து நிற்க வைத்ததற்கு ஒரு வேலை போனது என் கணக்கில் ரொம்பக் கம்மி விலை.