ஏரிக்கரையில் என் மீன் பெட்டி

1. ஓடாத கார்

மீன் உலர்த்தும் பெட்டி பற்றிய யோசனை எனக்கு வகுப்பறையில் வரவில்லை. மெல்பேர்னின் கிளேட்டன் பகுதியில், மாமி வீட்டுப் பின்வளவில் நின்ற ஓடாத காருக்குள் வந்தது.

வடக்குக் காற்று நெருப்பாக வீசிய ஜனவரிக் கோடை நாள். மாமி மீனைக் கீறி, உப்புத் தடவி, காரின் முன்கண்ணாடிக்குக் கீழே வரிசையாகப் பரப்பியிருந்தார். கதவைத் திறந்து தலையை நீட்டினேன். சூட்டில் மூச்சு முட்டியது.

"கதவைச் சாத்து பிள்ளை! இலையான் பூந்திடும்!" என்று குசினி ஜன்னலிலிருந்து கத்தினார் மாமி. இலையான் என்றால் ஈ. மெல்பேர்னில் மாமிக்கு இரண்டு எதிரிகள். ஒன்று இலையான். மற்றது, கருவாட்டு மணம் பற்றி முறையிடும் பக்கத்து வீட்டுக்காரர்.

"மாமி, இந்தக் கார் ஓடாதே. ஏன் வச்சிருக்கிறியள்?"

"ஓடாட்டி என்ன? உழைக்குது தானே!"

அன்று மாலையே ஒரு பெட்டிக்குப் படம் கீறினேன். அப்போது நான் இயந்திரப் பொறியியல் முடித்து, ஆபிரிக்கக் கிராமங்களுக்குச் சிறு கருவிகள் செய்து கொடுக்கும் ஓர் உதவி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். மலாவி ஏரிக்கரைப் பெண்கள் தட்டிகளில் மீன் காயவைக்கும் படங்கள் எங்கள் சுவரில் தொங்கின. மழைக்காலத்தில் அந்த மீன் காயாது. புகை போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும். அதற்கு விறகு வேண்டும். விறகுக்கு மலை ஏற வேண்டும்.

வெயில் புகும் பொலிகாபனேற் கூரை, கறுப்புத் தட்டு, காற்றை உள்ளே இழுக்கச் சோலாரில் ஓடும் சின்ன ஃபேன். மாமியின் எதிரியை நினைத்து ஃபேனின் வாய்க்கு நுண்ணிய வலையும் போட்டேன். பின்வளவில் ஒரே பகலில் மீன் கலகலவென்று காய்ந்தது. அலுவலகம் கை தட்டியது.

சுவரில் தொங்கிய படங்கள் எல்லாமே வெயில் காலத்தில் எடுத்தவை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

2. கோழிக்கூடு

மலாவி ஏரிக்கரையில் நான் பெட்டியோடு போய் இறங்கியது மழை தொடங்கிய மாதத்தில். மீன்காரப் பெண்களின் தலைவி லவ்னஸ் கரையில் நின்றார். இடுப்பில் கை. அவர் பேசிய ஆங்கிலத்தை எங்கள் வீட்டுத் தமிழில்தான் எழுத வருகிறது.

"உனக்கு முந்தி ஒருத்தர் ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர். அங்க பார்."

பார்த்தேன். மாமரத்தடியில் துருப்பிடித்த பெட்டி. அதற்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.

"நல்ல கோழிக்கூடு," என்றார் லவ்னஸ். "உன்ர பெட்டி வாத்துக்குச் சரிவரும் போலை."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு ரோசம் வந்தது.

"ஒரு நாள் மீனைத் தாங்கோ. பிறகு சிரியுங்கோ."

விடியலில் வள்ளங்கள் கரைக்கு வரும். நெத்தலி போன்ற வெள்ளிமீனைப் பெண்கள் கூடையில் வாங்குவார்கள். தண்ணீர் மொள்ளப் போனால் ஒருத்தி மொள்ள, இன்னொருத்தி முதலை வருகிறதா என்று பார்த்து நிற்பாள். இரவில் நீர்யானை வந்து சோளத்தை மிதித்துவிட்டுப் போகும். இவற்றையெல்லாம் அவர்கள் மெல்பேர்ன்காரர் டிராம் தாமதத்தைப் பற்றிச் சொல்வதுபோல எரிச்சலோடு சொன்னார்கள். ஆனால் விறகுப் பயணத்தைச் சொல்லும்போது மட்டும் குரல் மாறியது. பக்கத்து மலைகள் மொட்டை. அடுத்த மலைக்குப் போக வேண்டும். ஈர விறகு, வழுக்கும் பாதை, தலையில் சுமை.

மழை விட்டிருந்த சில நாட்கள் பெட்டி அழகாக வேலை செய்தது. லவ்னஸ் ஒரு மீனை ஒடித்துப் பார்த்தார். மற்றப் பெண்களிடம் திரும்பினார்.

"நாளைக்கு எல்லாருடைய மீனும் இதுக்குள்ள."

3. புகை

மறுநாள் மதியம் ஏரியின் நடுவில் கறுப்புப் புகை எழுந்தது.

"வள்ளம் எரியுது!" என்று அலறினேன்.

பெண்கள் சிரித்தபடி சட்டியும் சுளகும் எடுக்க ஓடினார்கள். அது புகையல்ல. தண்ணீருக்குள்ளிருந்து கிளம்பும் குட்டிப் பூச்சிகள். மேகமாகத் திரண்டு காற்றோடு கரைக்கு வந்தன. வாயில், மூக்கில், காதில் எல்லாம் பூச்சி. பெண்கள் எண்ணெய் தடவிய சட்டிகளைச் சுழற்றிச் சுழற்றி அள்ளினார்கள். இடித்துத் தட்டினால் இரவுக்குக் கறி.

என் ஃபேனும் தன் பங்குக்கு அள்ளியது. வலை கறுத்து அடைந்தது. காற்று நின்றது. பெட்டி ஆவியில் வியர்த்தது. நான் பூச்சி மேகத்தை ஆவென்று பார்த்துக்கொண்டு நின்றேன். பெட்டியைத் திறந்தபோது உள்ளே மீன் இல்லை, கூழ் இருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. லவ்னஸ் குனிந்து பார்த்தார்.

"பூச்சியைப் பற்றி நீயும் கேக்கேல்லை. சொல்ல எனக்கும் யோசனை வரேல்லை. நாளைக்கு விறகுக்குப் போகத்தான் வேணும்."

"பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோறன்."

"ஏன்? என்னத்துக்கு?" அவர் நிமிர்ந்தார். "வெயிலில காஞ்சது தானே? பிழைச்சதைத் திருத்து. கொண்டுபோனவை ஒருத்தரும் திரும்பி வாறேல்லை. இது இங்க நிக்கட்டும். கோழி உள்ள போகாமல் நான் பாத்துக்கொள்ளுறன்."

4. ஒரு வரி

மெல்பேர்னில் என் மேலாளர் சாலமன், படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்ட மலேசியத் தமிழர். அலுவலகத்துக்குள் நான் அவரைச் 'சாலமன்' என்பேன். கார் பார்க்கில் 'அங்கிள்' ஆகிவிடுவார். நான் திரும்பி வந்த அன்று கார் பார்க்கில்தான் பிடித்தார்.

"கடைசி ரிப்போர்ட் போகணும் மா. ஒரே லைன். 'ஊர் மக்கள் கருவியை ஏற்கவில்லை.' சைன் பண்ணிடு."

"ஏற்கேல்லையா? முழு மீனையும் கொண்டுவந்து கொட்டினவை அங்கிள்!"

"தெரியும் லா. பெட்டி ஃபெயில்னு எழுதினா அடுத்த புரொஜெக்ட் யார் தருவா?"

"ஏற்காத ஊர் எண்டு எழுதினா அந்தக் கரைக்கு இனி ஆர் போவினம்?"

அவர் சாவியை உருட்டினார். "உனக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும். பொய்யில சைன் பண்ணுறது என்ர வேலை இல்லை. நான் செய்யமாட்டன்."

நானே ஒரு வரி எழுதினேன்: 'காற்று வாய் அடைபட்டது, குறை பெட்டியில், ஊரில் அல்ல, திருத்தலாம்.' கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்தேன். அதைத்தான் அனுப்பினார். கூடவே திட்டத்தையும் மூடினார்.

"திரும்பப் போறதுன்னா உன் லீவுல போ. ஆபீஸ் பேர்ல இல்ல."

"ஓம் அங்கிள். போயிட்டு வாறன்."

5. இனி

இத்துறைக்கு வரும் தம்பி தங்கையருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கருவியை அது சுலபமாக ஓடும் நாளில் மட்டும் சோதிக்காதீர்கள். அது தோற்றால், பாவித்தவர் மேல் பழி போடும் வரியில் கையெழுத்தும் போடாதீர்கள். யார் சாவியை உருட்டினாலும்.

புதிய பெட்டியில் ஃபேன் இல்லை, வலை இல்லை. உயரமான புகைபோக்கி சூடான காற்றை மேலே இழுக்கும். காற்று வாய் ஏரிக்கு முதுகு காட்டி மலைப்பக்கம் திறக்கும். பூச்சி மேகம் தெரிந்ததும் இழுத்து மூட ஒரு பலகை. மேகம் போனதும் திறக்கலாம். சோதனை இந்த ஜூலையில், மெல்பேர்னின் நசநச மழையில். பூச்சிக்குப் பதில் தவிடு. அதை ஊதியடிக்க இலை ஊதும் இயந்திரம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரிடம்தான் இருக்கிறது. கேட்கப் போகிறேன்.

"அவன் தரமாட்டான் பிள்ளை," என்கிறார் மாமி.

தருவார். தராவிட்டால் மாமியின் சுளகால் வீசுவேன். அடுத்த மழைக்கு முன் அந்தக் கரையில் நான் நிற்க வேண்டும். அதுவரை லவ்னஸ் கோழிகளை விரட்டிக்கொண்டிருப்பார்.