கழற்றி வைத்த இருக்கை

அவனியாபுரத்தில் வாடகைக் கார் ஓட்டும் ஜெயபாண்டியைச் சிறந்த ஓட்டுநர் என்று சொல்ல முடியாது. ஒரு மணி நேரத்தில் போகிற ஊருக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்துக்கொள்வான். கவனமானவன் என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கவனத்துக்கு ஒரு நாள் விடுமுறை கொடுத்தான். அதற்கு ஐந்து வருஷம் ஆகிறது.

அன்று அவன் தங்கை முனீஸ்வரியின் மகள் மகிழினிக்குக் காதுகுத்து. பிள்ளைக்குப் பதினொரு மாதம். முனீஸ்வரியும் கணவன் அருண்பாண்டியும் திருச்சியில் இருக்கிறார்கள். ஜெயபாண்டிதான் போய் அழைத்து வந்தான். பிள்ளைக்கென்று வாங்கிய கார் இருக்கையை அருண்பாண்டி கையோடு கொண்டுவந்து மாட்டியிருந்தான். மதுரை வரைக்கும் மகிழினி அதில் தூங்கிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் செக்கானூரணிக்கு அப்பால் இருக்கும் குலசாமி கோயிலுக்குக் கிளம்பினார்கள். தாய்மாமன் சீர்த்தட்டுகள் பதினொன்று. காரில் இடம் போதவில்லை. ஜெயபாண்டி அந்த இருக்கையைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தான். அருண்பாண்டி தயங்கினான்.

"தாய்மாமன் மடி இருக்கையில பிள்ளைக்குச் சேர் எதுக்கு மாப்ள?"

ஜெயபாண்டி சொன்னதற்கு எல்லோரும் சிரித்தார்கள். அருண்பாண்டியும் சிரித்தான். மாலை போட்ட தாய்மாமன் அன்றைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்றார்கள். சாவி அவன் கூட்டாளி சிவபாண்டியிடம் போனது. கோயிலில் ஜெயபாண்டி மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொண்டாள். திரும்பும்போதும் அதே மடி, முன் இருக்கை. பெல்ட் போட்டால் மாலை கசங்கும் என்று அதையும் விட்டுவிட்டான்.

வயலிலிருந்து ஒரு டிராக்டர் சாலையில் ஏறியது. சிவபாண்டி பிரேக் அடித்தான். கார் நாற்பதில்தான் போய்க்கொண்டிருந்தது. டிராக்டரின் பின்பக்கத்தில் மோதியதில் பம்பர் நசுங்கியது. ஜெயபாண்டியின் நெற்றியில் சின்ன வெட்டு. மற்றவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. மகிழினி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள்.

ரெண்டு கையாலயும் பிடிச்சிருந்தேன் என்று அவன் பல நாள் எல்லோரிடமும் சொன்னான். பொய் இல்லை. பிடித்துதான் இருந்தான். ஒன்பது கிலோ பிள்ளை அந்த நொடியில் ஒரு நெல் மூட்டையைவிட அதிகமாகக் கனக்கும். எந்தக் கையும் அதைத் தாங்காது. இதை அவன் பிறகு தெரிந்துகொண்டான். பாசம் இருந்தால் கைக்கு வலு வந்துவிடும் என்பது நாம் கேள்வி கேட்காமல் வைத்திருக்கும் நம்பிக்கைகளில் ஒன்று. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பெல்ட்டோ தகுந்த இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் எந்தச் சோதனையிலும் யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

ஊர் அதை விதி என்றது. சாமி கூப்பிட்டுக்கொண்டது என்றது. அப்படிச் சொல்வது ஒருவனைக் காப்பாற்றும் வழி. கூடவே அவன் செய்ததை அவனிடமிருந்து பறித்துக்கொள்ளும் வழியும்கூட. முனீஸ்வரி மட்டும் எதுவுமே சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவள் அவன் காரில் ஏறவில்லை. அப்பா காரியத்துக்கு வந்தபோதும் பஸ்ஸில் வந்து ஆட்டோவில் போனாள்.

அவன் அந்தக் காரை விற்றான். வேறொன்று வாங்கி, பின்சீட்டில் குழந்தை இருக்கை ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினான். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அதில்தான் வைக்க வேண்டும் என்பான். தல்லாகுளத்தில் ஏறிய ஒருவர், ஏர்போர்ட்டுக்குத்தான போறோம், ராக்கெட்டுலயா ஏத்துறீங்க என்று கேட்டார். சிலர் இறங்கிப் போனார்கள். ஏன் என்று யாரிடமும் அவன் காரணம் சொன்னதில்லை. இதைப் பரிகாரம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் ஒரே ஒரு பயணிக்காகக் காத்திருந்தான், அவ்வளவுதான்.

இந்த ஆவணியில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். முனீஸ்வரி இரண்டாவது பிள்ளையோடு தனியாக வருவதாகப் போனில் சொன்னாள். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குக் கார் கொண்டாரேன் என்றான். வழக்கமாக வேண்டாம் என்பவள் அன்றைக்குச் சரி என்றாள்.

அவன் இருக்கையின் துணியைத் துவைத்துக் காயவைத்தான். எட்டு மாதப் பையன் என்பதால் பின்பக்கம் பார்த்தபடி திருப்பிப் பொருத்தினான். அசைகிறதா என்று இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். பஸ் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய் நின்றான்.

முனீஸ்வரி பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு கார் வரைக்கும் வந்தாள். அவன் பின்கதவைத் திறந்தான். அவள் குனிந்து உள்ளே பார்த்தாள்.

"அன்னைக்கும் இருந்துச்சுல்லண்ணே."

ஐந்து வருஷத்தில் அவள் அதைப்பற்றிச் சொன்னது இது ஒன்றுதான். குரலில் கோபம் இல்லை. அவன் தலையை ஆட்டினான்.

"நீ பையை ஏத்திட்டுப் போ. நாங்க ஆட்டோவுல வாரோம்."

"ஆட்டோவுல பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல முனீசு. மடியிலதான வச்சிருப்ப."

"ஆமா. எம் மடியில."

அவள் பக்கத்தில் நின்ற ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். வீட்டுக்கு வந்துருண்ணே என்பதுபோல் இருந்தது. அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

அவன் பையை டிக்கியில் வைத்துவிட்டு ஆட்டோவின் பின்னால் ஓட்டினான். முந்தவில்லை. பின்னால் வரும் பஸ் எதுவும் ஆட்டோவை நெருங்கிவிடாதபடி நடுச் சாலையிலேயே போனான். இடைவெளி குறையாமல் பார்த்துக்கொண்டான். வழி விடச் சொல்லி எல்லோரும் ஹாரன் அடித்தார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து திட்டிவிட்டும் போனான். தெற்குவாசலில் ஆட்டோ சட்டென்று இடப்பக்கம் ஒடித்தபோது, பையனின் கால் ஒன்று வெளியே தெரிந்து உள்ளே போனது. ஜெயபாண்டியின் கால் பிரேக்கை மிதித்திருந்தது.